பதினைந்தாம் எண் புயல் எது?



புயலுக்குப் பெயர் வைப்பது நமக்குப் பழக்கமான சங்கதி. ஆனால் ஜப்பானில் ஒரு விவசாயி வானொலியைத் திருப்பினால் பெரும்பாலும் கேட்பது பெயரை அல்ல, எண்ணைத்தான். '15-ஆம் எண் தைஃபூ வருகிறது' என்பார்கள். தைஃபூ என்றால் சூறாவளிப் புயல்.

எண் போடும் கணக்கு ரொம்பச் சுலபம். வடமேற்குப் பசிபிக்கிலோ தென்சீனக் கடலிலோ உருவாகும் புயலின் காற்று, மணிக்குச் சுமார் 62 கிலோமீட்டரைத் தொட்டால் அது தைஃபூ. ஜனவரி 1 தொடங்கி, தோன்றுகிற வரிசையில் 1, 2, 3 என்று எண் கொடுப்பார்கள். அடுத்த வருஷம் மறுபடியும் 1. இது 1953 முதல் உள்ள வழக்கம். அதற்கு முன் சில வருஷங்கள் அமெரிக்கர் முறைப்படி காத்லீன், ஜேன் என்று பெண்கள் பெயர் இருந்தது.

பெயர் இப்போதும் உண்டு. 2000 முதல் 14 உறுப்பினர்கள் தலா 10 பெயர் தந்த பட்டியல் இருக்கிறது. ஜப்பான் தந்தவை நட்சத்திரக் கூட்டங்களின் பெயர்கள். 'குஜிரா' என்றால் திமிங்கலம்.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். நம் துறைமுகப் புயல் கூண்டில் எண் ஏற ஏற ஆபத்தும் ஏறும். ஜப்பான் எண் அப்படியில்லை. அது வெறும் வரிசை எண். வருஷத்துக்குச் சராசரியாக 25 தோன்றினாலும் அந்நாட்டில் கரையேறுவது 3 தான். ஆகவே எண்ணைக் கேட்டவுடன் பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். எந்தப் பக்கம் வருது, காற்று எவ்வளவு, எப்போ கரையேறும் என்பதைத்தான் கேட்டுக்கொள்ளணும்.

வருஷத்தைச் சேர்க்காமல் எண்ணை மட்டும் சொன்னாலும் குழப்பம்தான். 1959 செப்டம்பரில் நாகோயா பக்கம் கடல்நீரை ஊருக்குள் தள்ளி, 5,000 பேருக்கு மேல் பலிகொண்டது 15-ஆம் எண். 2019-இல் சீபா மாநிலத்தைத் தாக்கியதும் 15-ஆம் எண்ணே! அதனால்தான் பெருஞ்சேதம் செய்தவற்றுக்கு வானிலைத் துறையே தனிப்பெயர் சூட்டுகிறது. முன்னது 'இசே வளைகுடாப் புயல்'. பின்னது 'போசோ தீபகற்பப் புயல்'.

ஜனங்கள் வைக்கிற பெயர் வேறு. 1991-இல் 19-ஆம் எண் புயல், அறுவடைக்கு நின்ற ஆப்பிளை அவோமோரித் தோட்டங்களில் உதிர்த்துப் போட்டது. இன்றைக்கும் அது அவர்களுக்கு 'ஆப்பிள் புயல்'. எண் வருமுன் எச்சரிக்க. பெயர் வந்துபோனதை மறக்காமலிருக்க. இரண்டும் வேணும்.