குழுவை வழிநடத்தும் ஆசிரியர்



கூட்டுறவுக் கற்றல் வகுப்புக்குள் வந்துவிட்டால் ஆசிரியரின் சுமை குறையும், பிள்ளைகள் தாங்களே படித்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் நம்மிடையே பரவியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நாற்பது பேருக்குக் கரும்பலகையில் எழுதிப் பாடம் சொல்பவரைவிட, அதே நாற்பது பேரைப் பத்துக் குழுவாக உட்காரவைத்து நடத்துபவருக்குப் பாடத்தில் ஆழம் கூடுதலாக வேண்டும். விரிவுரையில் நமக்குத் தெரிந்த வழியில் மட்டும் போய்வரலாம். குழுவில் பிள்ளை எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது.

நம் ஊர்க் கல்லையே எடுத்துக்கொள்வோம். சேலத்துக்கும் அருகிலுள்ள மலையடிவாரத்துக்கும் இடையே பல தலைமுறையாக வெட்டி எடுக்கப்படும் வெள்ளைக்கல், வேதியியலில் மெக்னீசியம் கார்பனேட். உலைகளுக்கான வெப்பம் தாங்கும் செங்கல் இதிலிருந்து வருகிறது. பத்தாம் வகுப்புப் பாடத்தில் வினைவேகம் வருகிறது. இந்தக் கல்லின் ஒரு துண்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடச் சொல்லுங்கள். சுண்ணாம்புக்கல் உடனே நுரைக்கும். இதுவோ குளிர்ந்த அமிலத்தில் ஏறக்குறைய சும்மா கிடக்கும். பிள்ளைகள் குறிப்பேட்டில் ‘வினை நிகழவில்லை’ என்று எழுதுவார்கள். ஆசிரியரின் திறன் வெளிப்படும் கணம் அதுதான். இந்தக் கல்லின் வினை மெதுவானது என்பது அவருக்குத் தெரிந்திருக்காவிட்டால் அந்த விடையைச் சரி என்று ஏற்றுக்கொள்வார், அல்லது அமிலம் கெட்டுவிட்டது என்று ஒதுக்கிவிடுவார். தெரிந்தவர் விடையைச் சொல்லமாட்டார், “இன்னும் எதையெல்லாம் மாற்றிப் பார்க்கலாம்?” என்று கேட்டுவிட்டு நகர்வார்.

அதன்பின் வேலையைப் பிரிக்கும் விதம் முக்கியம். ஒரே எடையுள்ள கல்லை ஒரு குழு துண்டாகவே போடட்டும், இன்னொரு குழு பொடித்துப் போடட்டும். மூன்றாவது குழு துண்டையும் நான்காவது குழு பொடியையும் அமிலத்தில் இட்டு, அந்தச் சோதனைக் குழாயை வெந்நீரில் நிறுத்திப் பார்க்கட்டும். பொடிப்பது பெரிதா, சூடு பெரிதா என்று எந்தக் குழுவும் தனியாகச் சொல்ல முடியாது. நான்கு குழுவின் அளவுகளும் ஒரே அட்டவணையில் சேர்ந்தால்தான் விடை பிறக்கும். ஒருவர் இல்லாமல் இன்னொருவர் முடிக்க முடியாதபடி கேள்வியை அமைப்பதை மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் சகோதரர்கள் கூட்டுறவுக் கற்றலின் முதல் நிபந்தனையாக வைத்தார்கள். ஒவ்வொருவரும் தன் பங்குக்குத் தானே பொறுப்பு என்பதும் அவர்கள் வைத்த நிபந்தனைதான். நம் வகுப்புகளில் பெரும்பாலும் ஒருவர் செய்ய, மூவர் பார்த்து எழுதுகிறார்கள். வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்களே என்று நாம் மனநிறைவு அடைந்துவிடக் கூடாது.

யார் அந்த மூவர்? இதுதான் என்னை மிகவும் உறுத்தும் கேள்வி. மலைமேல் ஊர்களிலிருந்து இறங்கிவந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். சேலம் நகரத்துப் பிள்ளைகளோடு ஒரே குழுவில் உட்காரும்போது அவர்களில் பலர் வாயே திறப்பதில்லை. ஸ்டான்ஃபோர்டின் எலிசபெத் கோஹன் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான். கெட்டிக்காரர் என்று வகுப்பு ஏற்கெனவே முடிவுகட்டியவர் குழுவிலும் அதிகம் பேசுகிறார், அதனால் அதிகம் கற்கிறார். மற்றவர் இன்னும் பின்தங்குகிறார். குழுவைச் சும்மா விட்டுவிட்டால் அது ஏற்றத்தாழ்வை வளர்க்கும். கோஹன் சொன்ன மருந்து எளிது, ஆனால் கூர்ந்த கண் வேண்டும்: பேசாத பிள்ளை உண்மையிலேயே நன்றாகச் செய்த ஒன்றைக் கவனித்து, அதைக் குழுவின் முன்னால் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது. பொய்ப் பாராட்டைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதற்குக் காது கொடுக்கத் தெரிய வேண்டும். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிகூடப் பொறுப்பதில்லை என்றும், மூன்று விநாடி பொறுத்தாலே பிள்ளைகளின் விடைகள் நீள்கின்றன, பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்றும் மேரி பட் ரோ 1970களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளிலிருந்து காட்டினார்.

நம் மாநிலத்துக்குக் குழுமுறை புதிதல்ல. தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலும், நடுநிலை வகுப்புகளில் படைப்பாற்றல் கல்வியும் 2007 வாக்கில் மாநிலம் முழுவதும் வந்தன. படித்தல், மனவரைபடம், தொகுத்தல், வழங்குதல் என்ற படிநிலைகள் இங்கிருக்கும் பலருக்கும் மனப்பாடம். நல்ல ஆசிரியர்கள் கையில் அது உயிரோடு இருந்தது. பல இடங்களில் படிகளை முடித்தாகிவிட்டதா என்ற சரிபார்ப்பாகச் சுருங்கியது. காரணம் ஆசிரியர்களின் சோம்பல் என்று சொல்பவர்களோடு நான் வாதாடத் தயார். குழுவாகக் கற்பதைப் பற்றி விரிவுரை கேட்டவர்களிடம், குழுவாகக் கற்பியுங்கள் என்றோம்.

ஹோஷங்காபாத்தில் வேறு வழி பிடித்தார்கள். 1972இல் கிஷோர் பாரதியும் ரசூலியாவின் நண்பர்கள் கிராம மையமும் மத்தியப் பிரதேச அரசின் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் திட்டம் அது. பின்னர் ஏகலவ்யா அமைப்பு அதை ஏற்று நடத்தியது. அங்கே ஆசிரியர்கள் கோடை முகாமில் தாங்களே குழுவாக அமர்ந்து, பிள்ளைகள் செய்யவேண்டிய சோதனைகளைச் செய்து, தவறி, சண்டையிட்டு, மறுபடி செய்தார்கள். மாதந்தோறும் கூடி வகுப்பில் வந்த சிக்கல்களைப் பேசினார்கள். 2002இல் அரசு அந்தத் திட்டத்தை நிறுத்தியது நாட்டின் அறிவியல் கல்விக்கு இழப்பு என்றே நான் கருதுகிறேன். ஆனாலும் முப்பது ஆண்டு அரசுப் பள்ளிகளில் அது நடந்திருக்கிறது. நம்மால் முடியாது என்று சொல்ல இனி இடமில்லை.

தேர்வைப் பற்றி ஒரு சொல். பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 மதிப்பெண். அந்த 25க்கான பயிற்சியையாவது விடை முன்கூட்டித் தெரிந்த சடங்காக நடத்தாமல், குழுவாக எண்ணிப் பார்க்கும் நேரமாக மாற்ற ஆசிரியருக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

கருத்தரங்க அமைப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன், ஒப்புக்கொண்டார்கள். இன்று பிற்பகல் கட்டுரை வாசிப்பு இல்லை. பின்வரிசை மேசைகளில் வெள்ளைக்கல், அமிலம், தராசு, வெந்நீர் எல்லாம் இருக்கின்றன. நால்வர் நால்வராக அமருங்கள். பேராசிரியர்களும் பள்ளி ஆசிரியர்களும் கலந்தே அமருங்கள். ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் சோதனை செய்யாமல், யார் பேசினார், யார் பேசவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளட்டும். நாளைக் காலை முதல் அமர்வில் அந்தக் குறிப்புகளை வைத்து விவாதிப்போம். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.