மணல் தட்டும் தொடுதிரையும்



இந்தக் கருத்தரங்கின் தலைமை இருக்கையில் எனக்கு முன் அமர்ந்தவர்களுள் இருவர் என் ஆசிரியர்கள். அதனால் அழைப்புக் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து பெருமிதமும் சிறு நடுக்கமும் சேர்ந்தே என்னுடன் இருக்கின்றன. அவர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்ததை ஒட்டியே இன்று பேச முயல்கிறேன்.

கல்லூரி மாணவர்க்குப் புதிய தொழில்நுட்பத்தின் துணையோடு இணையவழியில் தனிப்பயிற்சி தருவது நம் கருத்தரங்கின் பொருள். இதன் வரலாற்றை இந்த அவைக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1960இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் தொடங்கிய பிளேட்டோ என்ற கணினிவழிக் கற்பித்தல் அமைப்பை அறிவீர்கள். ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். என்ற இணைய விரிவுரைத் திட்டம், 2017இல் வந்த ஸ்வயம் என்ற இணையப் பாடத்தளம், பெருந்தொற்றுக் காலத்தில் கைபேசிக்குள் குடிபுகுந்த வகுப்பறை எல்லாம் நம் கண்முன் நடந்தவை. இவற்றால் நம் மாணவர்க்கு நல்ல விரிவுரைக்கான பஞ்சம் தீர்ந்தது. தான் எழுதியதைப் பார்த்து, 'இந்த வரியில் தவறிவிட்டாய்' என்று சொல்ல ஓர் ஆள் கிடைக்காத பஞ்சம் தீரவில்லை.

வந்திருக்கும் கட்டுரைச் சுருக்கங்கள் எல்லாவற்றையும் படித்தேன். பாதிக்கு மேற்பட்டவற்றின் முதல் பத்தியிலேயே பெஞ்சமின் ப்ளூம் வருகிறார். தனிப்பயிற்சி பெற்ற மாணவரின் சராசரி, வழக்கமான வகுப்பின் சராசரியைவிட இரண்டு திட்டவிலக்கம் மேலே நின்றது என்று 1984இல் அவர் எழுதியதை ஒருவர்பின் ஒருவராக எடுத்தாள்கிறோம். இதைப் பற்றி நான் முன்பும் பேசியிருக்கிறேன். பெரியவர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை என்பதும் நினைவிருக்கிறது. ஆனாலும் திரும்பச் சொல்லத்தான் வேண்டும்.

ப்ளூம் சான்றாகக் காட்டியவை அவருடைய மாணவர்கள் அனானியா, பர்க் இருவரின் முனைவர் பட்ட ஆய்வுகள். சோதனைக்கு உட்பட்டவர்கள் நான்காம், ஐந்தாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். பாடம் நிகழ்தகவும் நிலப்படவியலும். காலம் மூன்று வாரம், பதினோரு பாடவேளை. அதில் கல்லூரி மாணவர் ஒருவர்கூட இல்லை. இன்னொன்று: தனிப்பயிற்சிக் குழுவினர் அலகுத் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூறு எடுத்த பிறகே அடுத்த அலகுக்குப் போனார்கள். ஒப்பீட்டுக்கு இருந்த இன்னொரு குழுவான, குறித்த மதிப்பெண் எடுத்த பிறகே முன்னேறும் தேர்ச்சிமுறை வகுப்புக்கு எண்பதே போதுமானதாக இருந்தது. 2011இல் குர்ட் வான்லேன் இதை எடுத்துக்காட்டி, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது மனிதர் தரும் தனிப்பயிற்சியின் பயன் 0.79 திட்டவிலக்கம் என்ற அளவில் நின்றது. அது சிறிய பயன் இல்லை. ஆனால் இரண்டு திட்டவிலக்கமும் இல்லை.

வான்லேனின் அந்தக் கட்டுரையில் நாம் கண்டுகொள்ளாமல் விட்ட எண்கள் வேறு. மாணவர் கடைசி விடையை மட்டும் உள்ளிட, சரி தவறு சொல்லும் மென்பொருளின் பயன் 0.31. விடைக்கு வரும் ஒவ்வொரு படியையும் பார்த்துத் திருத்தும் மென்பொருளின் பயன் 0.76, அதாவது ஏறத்தாழ மனிதருக்குச் சமம். கற்பிப்பவர் மனிதரா இயந்திரமா என்பதில் நாம் இவ்வளவு காலம் சண்டையிட்டோம். மாணவரின் படிகள் கற்பிப்பவர் கண்ணுக்குத் தெரிகின்றனவா என்பதே முதற்கேள்வி.

நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். அரசு கலைக் கல்லூரி ஒன்றில் கணிதம் இரண்டாமாண்டு படிக்கும் பெண். மாலையில் ஜவுளிக்கடை வேலை. இரவு பத்து மணிக்குக் கைபேசியைச் சொம்பில் சாய்த்து, கேமரா நோட்டைப் பார்க்கும்படி வைத்துக்கொள்வாள். எதிர்முனையில் எம்.எஸ்சி. படிக்கும் மூத்த மாணவி. அன்றைய கணக்கு, எக்ஸையும் சைன் எக்ஸையும் பெருக்கிப் பகுதித் தொகையிடல். விடை முழுவதும் குறி மாறி நின்றது. இதே வகைக் கணக்கில் தவறித்தான் அந்தத் தாளில் அவளுக்கு அரியர். காணொளியை இரண்டு முறை பார்த்திருந்தாள். படம் பிடித்து அனுப்பினால் விடை தரும் செயலியும் சரியான விடையை முழுதாகத் தந்திருந்தது. அதையும் எழுதி வைத்திருந்தாள். தன்னுடையது எங்கே பிரிந்தது என்பது மட்டும் தெரியவில்லை. மூத்தவள் இரண்டாம் வரியைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டாள்: "கோஸை வகையிட்டா என்ன வரும்?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "மைனஸ் சைன்... அக்கா, தொகையிடும்போது மைனஸை விட்டுட்டேன்!" கீழே இருந்த மூன்று வரிகளையும் அவளே அடித்துத் திருத்தினாள். விடையை மூத்தவள் சொல்லவே இல்லை.

இதனோடு ஒப்பிட, துருக்கியின் உயர்நிலைப் பள்ளியொன்றில் ஏறத்தாழ ஆயிரம் மாணவரிடம் நடந்த கணித ஆய்வைப் பாருங்கள். கட்டுப்பாடில்லாத செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தியவர்கள் பயிற்சியின்போது 48 விழுக்காடு கூடுதலாகச் செய்தார்கள். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாதவர்களைவிட 17 விழுக்காடு பின்தங்கினார்கள். ஆசிரியர்கள் வகுத்த குறிப்புகளை மட்டும் தரும்படி அமைத்த கருவியில் இந்த இழப்பு பெரிதும் காணப்படவில்லை. விடையைக் கொடுத்துவிடும் கருவியைத் தனிப்பயிற்சி என்ற பெயரால் அழைப்பதை நாம் நிறுத்த வேண்டும்.

இங்கே என் பழைய வாதத்துக்கு வருகிறேன். நம் துறை நூல்கள் கணினியிலிருந்தோ அஞ்சல்வழிக் கல்வியிலிருந்தோ வரலாற்றைத் தொடங்குகின்றன. நான் எழும்பூரிலிருந்து தொடங்க வேண்டும் என்பேன். அங்கிருந்த ஆண் அநாதையர் விடுதிப் பள்ளியின் கண்காணிப்பாளராக 1789இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், தம் சோதனையை விளக்கி 1797இல் லண்டனில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். நம்மூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் விரலால் மணலில் எழுதுவதைப் பார்த்து, அதையே தம் பள்ளியிலும் கொண்டுவர முயன்றார். உதவி ஆசிரியர் முடியாது என்றார். பெல், ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அகர வகுப்பை ஒப்படைத்தார். பையன் நடத்திக் காட்டினான். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் அந்த ஏற்பாடு 'மெட்ராஸ் முறை' என்று உலகெங்கும் போயிற்று. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெல்லின் கொடையால் எழுந்த பள்ளி இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றே வழங்குகிறது.

இதை ஒரு கட்டுரையாக எழுதியபோது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளையின் கதைக்கும் கல்வித் தொழில்நுட்பத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டு ஓர் ஆய்விதழின் மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்பினார். அவர் புலமையில் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் தொடர்பு மணலில் இருக்கிறது. மணலில் எழுதும் பிள்ளையின் ஒவ்வொரு கோடும், இழுக்கும்போதே பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படுகிறது. தவறினால் ஒரு தடவலில் அழித்துவிட்டு மீண்டும் எழுதலாம். செலவும் இல்லை, வடுவும் இல்லை. பகிர்திரையும் தொடுபேனாவும் செய்யக்கூடிய மிக உயர்ந்த வேலை இதுதான்.

எதிர்த்திசையில் நிற்கும் நண்பர்களுக்கும் ஒரு சொல். வெள்ளையர் நம் திண்ணைப் பள்ளியை அப்படியே அள்ளிக்கொண்டு போனார்கள் என்று மேடைதோறும் சொல்கிறோம். மணல் எழுத்துக்குப் பெல்லே சான்று தருகிறார். மாணவனே மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையோ அவர் தம் சொந்தக் கண்டுபிடிப்பாகவே உரிமை கொண்டாடினார். சட்டாம்பிள்ளையிடமிருந்து அவர் கற்றிருக்கக்கூடும் என்று நானும் நம்புகிறேன். நம்பிக்கையைச் சான்றாக்கக் கூடாது. அந்த முறை இங்கிலாந்துக்குப் போனபின் என்ன ஆயிற்று என்பதையும் மறைக்கக் கூடாது. நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர் போதும் என்ற சிக்கனக் கணக்காக அது மாறியது. இன்று மூத்த மாணவரைக் கொண்டு இணையவழிப் பயிற்சி நடத்தும் கல்லூரிகள் பல அவர்களுக்குச் சான்றிதழ் தருகின்றன, ஊதியம் தருவதில்லை. அதே தவறு திரும்பி வருகிறது.

மாணவர் எழுதியதைப் பார்க்க ஆள் வேண்டுமா என்ற கேள்விக்குத் திரும்புகிறேன். 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கல்விச் செயற்கைக்கோளான எடுசாட் ஏவப்பட்டபோது, இனி ஒப்படைப்பைத் திருத்தும் ஆள் எதற்கு என்று ஒரு கருத்தரங்கில் மூத்த அறிஞர் கேட்டார். அன்று எனக்குப் பதில் சொல்லத் துணிவு வரவில்லை. இப்போது சொல்கிறேன். அதற்குப் பல ஆண்டுகள் முன்பு, ஓர் அஞ்சல்வழிக் கல்வி நிறுவனத்துக்காக நான் ஒப்படைப்புகளைத் திருத்தினேன். தாளுக்குத் தாள், ஓரத்தில் நான்கைந்து வரி சிவப்பு மையில் எழுதுவேன். ஒருநாள் அவர்கள் அலுவலகத்துக்குப் போனபோது, மாடிப்படிக்குக் கீழே சணல் கயிற்றால் கட்டிய கட்டுகள் கிடந்தன. மேல் கட்டில் என் கையெழுத்து. மதிப்பெண் பதிவேட்டில் ஏறியிருந்தது. தாள் எந்த மாணவருக்கும் போகவில்லை. அந்த வரிகள்தான் அவர்கள் கட்டணம் கட்டிக் கேட்ட கல்வி. நம் கற்றல் மேலாண்மைத் தளங்கள் பலவற்றில் இன்றும் அதே கட்டுகள் இருக்கின்றன. மாணவர் பதிவேற்றிய நோட்டுப் பக்கங்களை யாரும் திறப்பதே இல்லை, மதிப்பெண் மட்டும் ஏறிவிடுகிறது.

ஆகவே இந்த அவையிடம் இரண்டு வேண்டுகோள். மூத்த மாணவப் பயிற்றுநர்க்கு மணிக்கணக்கில் ஊதியம் தர வேண்டும் என்ற தீர்மானத்தை நிறைவு நாளில் முன்மொழிவேன், ஆதரியுங்கள். மற்றது கட்டுரை படிப்போருக்கு. உங்கள் தளத்தின் முகப்புப் படத்தோடு, அதில் பயின்ற மாணவர் ஒருவர் கைப்பட எழுதிய ஒரு பக்கத்தையும், பயிற்றுநர் அதில் கைவைத்த இடத்தையும், மாணவரின் பெயரை மறைத்துவிட்டு, திரையில் காட்டுங்கள். அதற்காக ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம் கூடுதலாகத் தரும்படி அமர்வுத் தலைவர்களைக் கேட்டிருக்கிறேன். அவர்களும் இசைந்திருக்கிறார்கள்.