கலிக்கம் விற்ற ஊரில்

(ஆதரவாளர் கூடுகையில், நமது கண் பிரிவிலிருந்து ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஏழு சபைகளின் ஊர்களைப் பார்த்துவிட்டு வந்தீர்களே, அதைப்பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்கள் என்றார்கள். ஏழு ஊரையும் பத்து நிமிஷத்தில் சொன்னால், எங்கள் பஸ் டிரைவரைவிட நான் வேகமாகப் போகவேண்டியிருக்கும். ஆகவே ஒரே ஊரைப்பற்றிச் சொல்லுகிறேன்.

வெளிப்படுத்தின விசேஷம் 2, 3 ஆம் அதிகாரங்களில் நாம் வாசிக்கிற ஏழு சபைகளின் ஊர்களும் இன்றைய துருக்கி தேசத்தின் மேற்குப் பகுதியில் இருக்கின்றன. சிமிர்னா இன்று இஸ்மீர் என்ற பெரிய துறைமுகப் பட்டணம். தியத்தீரா, அக்கிசார் என்ற ஊரின் கடைத்தெரு நடுவே, ஒரு வேலிக்குள் கிடக்கிற கொஞ்சம் கற்கள். எபேசுவில் பளிங்குத் தெருவும் நூல்நிலையத்தின் முகப்பும் பார்க்கவேண்டியவைதான். ஆனால் கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டே போகிறது. நின்று ஜெபிக்க இடமில்லை. ஆறாம் நாள் காலையில் தெனிஸ்லி நகரத்துக்குப் பக்கத்திலுள்ள லவோதிக்கேயாவுக்கு வந்தோம். அங்கே காற்றும் காய்ந்த புல்லும்தான்.

லவோதிக்கேயா பணக்கார ஊர். கறுப்பு ஆட்டு ரோமத்துக்குப் பேர் பெற்றது. கி.பி. 60-ல் பூமியதிர்ச்சியில் இடிந்து விழுந்தபோது, ரோமின் உதவி இல்லாமல் தன் சொந்தப் பணத்திலேயே எழுந்து நின்றது என்று தாசித்து என்ற ரோம சரித்திர ஆசிரியர் எழுதிவைத்திருக்கிறார். தனக்கு ஒன்றும் குறைவில்லை என்று சொல்லிக்கொண்ட சபைக்கு எழுதப்பட்ட நிருபத்தை அந்த இடிபாடுகளின் நடுவே வாசித்தபோது, எங்களோடு வந்த ஐயருக்கே குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

அங்கே தண்ணீர் கொண்டுவந்த கற்குழாய்களைப் பார்த்தோம். உள்ளே சுண்ணாம்பு அடைஅடையாகப் படிந்திருக்கிறது, நம் வீட்டு வெந்நீர்ப் பானையில் படிகிற மாதிரி. சுமார் 10 கிலோமீட்டரில் எராப்போலி. நோயாளிகள் குளிக்க வந்த வெந்நீர் ஊற்றுகள் அங்கே. இன்னொரு பக்கம் கொலோசெ. அங்கே மலையிலிருந்து வரும் குளிர்ந்த தண்ணீர். வெதுவெதுப்பைப்பற்றிய வசனத்துக்கு இந்த மூன்று ஊர்த் தண்ணீரை வைத்துப் பலர் விளக்கம் சொல்லுகிறார்கள். சூடும் நல்லது, குளிரும் நல்லது, இரண்டும் மனுஷருக்குப் பயன்படும். இடைப்பட்டதுதான் உதவாது என்று. எனக்கு அது சரியாகவே பட்டது. ஆனால் எராப்போலியில் காலை வைத்துப் பார்த்தேன். 35 டிகிரிதான், நம் உடம்புச் சூட்டுக்கும் கொஞ்சம் குறைவு. முப்பத்தொரு வருஷம் தெர்மாமீட்டர் பிடித்த கை சும்மா இருக்குமா!

என் மனம் நின்றது கலிக்கத்தில். அந்தப் பகுதியில் பெரிய மருத்துவப் பள்ளி ஒன்று இருந்ததாக ஸ்திராபோ என்ற பூகோள ஆசிரியர் சொல்லுகிறார். அதன் தலைவராயிருந்த அலெக்சாந்தரின் மாணவர் தெமொஸ்தேனெஸ் கண் நோய்களைப்பற்றிப் புத்தகமே எழுதினவர். அக்காலத்தில் கண் மருந்தைப் பிசைந்து, சிறு கட்டிகளாகக் காயவைத்து விற்பார்கள். வேண்டும்போது தண்ணீரிலோ முட்டை வெள்ளைக்கருவிலோ உரைத்துக் கண்ணில் இடுவார்கள். நம் வார்டுக்குப் பச்சிலைச் சாற்றையும் தாய்ப்பாலையும் விட்டுக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்களை எத்தனை பேர் பார்த்திருக்கிறேன்! அவர்கள் நினைவு வந்தது. கண் மருந்துக்குப் பேர்போன ஊரைப் பார்த்து, உனக்குக் கண் தெரியவில்லை, என்னிடத்தில் கலிக்கம் வாங்கு என்று சொல்லியிருக்கிறாரே என்று எண்ணிக்கொண்டே நடந்தேன்.

அங்கே நான்காம் நூற்றாண்டு ஆலயம் ஒன்று இருக்கிறது. 2010-ல்தான், பூமிக்குள் ஊடுருவிப் பார்க்கும் ராடார் கருவியால் கண்டுபிடித்தார்கள். இப்போது மேலே கூரை போட்டு, தரையின் வேலைப்பாடு கெடாதபடி கண்ணாடிப் பாதை அமைத்திருக்கிறார்கள். அதன்மேல் நடந்து கீழே பார்க்கவேண்டும். எல்லாரும் போய்விட்டார்கள். என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த அக்கா மட்டும் பாதையின் ஓரத்தில் நின்றுவிட்டார்கள்.

"வாங்க அக்கா" என்றேன். "குழியா இருக்கே சிஸ்டர், எப்படி வர?" என்றார்கள்.

கண்ணாடி அவர்களுக்குத் தெரியவில்லை. கையைப் பிடித்தேன், நடுங்கினது. வெளிச்சத்தில் திருப்பி முகத்தைப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் புரை முற்றிப்போயிருந்தது. ஆறு நாள் ஒரே அறை. ஒவ்வொரு படியிலும் என் தோளைப் பிடித்து இறங்கினார்கள். வயசு என்று நினைத்தேன். சாப்பாட்டு அட்டையை என்னை வாசிக்கச் சொன்னார்கள். இங்கிலீஷ் வராது என்று நினைத்தேன். கண் வார்டு சிஸ்டர் நான்!

அன்று இரவு கேட்டேன், ஏன் நம் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்கள்: கையிலிருந்த பணம் யாத்திரைக்குச் சரியாகப் போயிற்று, இலவசப் படுக்கை இருப்பது தெரியும், ஆனால் அது ஏழைகளுக்கு. "நான் மாசாமாசம் அந்தக் கணக்குக்குப் பணம் போடுறவ. நானே வந்து அதுல எப்படிப் படுப்பேன்?"

யாத்திரைக்குப் போகிற பணத்தை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்திருக்கலாமே என்று புறப்படுமுன் ஒருவர் என்னிடம் கேட்டிருந்தார். அதற்கு இன்றைக்கும் என்னிடத்தில் நல்ல பதில் இல்லை. அக்காவிடமும் அன்று ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அவர்கள் பெட்டியிலிருந்து மாலை மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். அட்டையில் எழுத்துத் தெரியாமல் அத்தனை நாளும் நிறத்தை வைத்தே எடுத்திருக்கிறார்கள்.

ஊருக்கு வந்த மூன்றாம் வாரம் வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்று. இலவசப் படுக்கையில்தான், அதற்குப் போதகரும் மகனும் நானும் மூன்று முறை போய்ப் பேசவேண்டியதாயிற்று. கட்டுப் பிரித்தபின் யாத்திரைப் படங்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடிப் பாதைக்குக் கீழேயிருக்கிற தரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இவ்வளவு வேலைப்பாடு இருந்துச்சா?" என்றார்கள்.

இடது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள், ஜெபித்துக்கொள்ளுங்கள். அக்கா இங்கேதான் மூன்றாவது வரிசையில் இருக்கிறார்கள், தயவுசெய்து யாரும் திரும்பிப் பார்க்காதிருங்கள்.