பதிதர் யார்?

பழைய கத்தோலிக்க நூல்களைப் பயிலும் மாணவர்கள் ‘பதிதர்’ என்னும் சொல்லைக் காணாதிருத்தல் அரிது. ‘பிழையான கொள்கை உடையவர்’ என்று பொருள் குறித்துக்கொண்டு மேலே செல்வார்கள். அப்பொருள் பாதியளவே பொருந்தும்.

நம் சொல்லுக்கு ‘வீழ்ந்தவர்’ என்பது பொருள். ஐரோப்பிய மொழிகளில் இதற்கு வழங்கும் சொல்லோ, ‘தெரிந்தெடுத்தல்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. குற்றத்தின் இயல்பை அதுவே நன்கு விளக்குகிறது என்பது என் எண்ணம். முழுமையாக ஏற்கவேண்டிய விசுவாச சத்தியங்களுள் தமக்கு உகந்தவற்றை மட்டும் பொறுக்கிக்கொள்பவரே பதிதர்.

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 751ஆம் விதி இதற்கு வரம்பு கட்டுகிறது. இறைவன் வெளிப்படுத்தியதென நம்பவேண்டிய ஒரு சத்தியத்தை, ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் பிடிவாதமாக மறுத்தலோ பிடிவாதமாக ஐயுறுதலோ பதிதமாகும். ஆகவே ஞானஸ்நானம் பெறாத இந்துவோ முஸ்லிமோ பதிதர் ஆகார். திருடியவனும் ஆகான், அவன் பாவி. திருட்டுப் பாவமே அன்று என்று, திருச்சபையின் போதனையை அறிந்த பின்னும் சாதிப்பவன் நிலை வேறு.

‘பிடிவாதம்’ என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பெற்றோரிடமிருந்து வந்த தப்பறையைக் கொண்டிருப்பினும், உண்மையைக் கருத்தோடு தேடி, கண்டால் திருந்த ஆயத்தமாயிருப்பவரைப் பதிதராக எண்ணலாகாது என்று ஐந்தாம் நூற்றாண்டிற்கு முன்பின்னாக வாழ்ந்த அர்ச். அகுஸ்தீன் எழுதினார். கணக்கைத் தவறாகப் போட்ட பிள்ளையையும், தவறென்று காட்டிய பின்னும் சிலேட்டை அழிக்க மறுக்கும் பிள்ளையையும் எந்த ஆசிரியரும் ஒன்றாகக் கருதமாட்டார் அல்லவா? கொள்கை தப்பறையாதல் ஒன்று. கொண்டவர் குற்றவாளியாதல் மற்றொன்று.

இத்தாலி நாட்டு மடாதிபதி யோவாக்கீம் வரலாறு இதற்குத் தக்க சான்று. அவர் பியோரே என்னும் ஊரில் மடம் நிறுவியவர். தமதிரித்துவத்தைப் பற்றிப் பீட்டர் லொம்பார்டு என்னும் பேரறிஞர் எழுதியது பதிதம் என்று கடிந்து ஒரு நூல் இயற்றினார். 1202ஆம் ஆண்டு மறைந்தார். 1215ஆம் ஆண்டு கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் லொம்பார்டின் பக்கமே நின்றது; யோவாக்கீமின் நூலைக் கண்டித்தது. பிறரைப் பதிதர் என்றவரின் நூலே தப்பறையெனத் தீர்ப்புப் பெற்றது!

ஆயினும் சங்கம் அவரைப் பதிதர் எனவில்லை. தம் நூல்கள் அனைத்தையும் பாப்பரசரிடம் ஒப்படைத்து, அவர் ஏற்கவோ திருத்தவோ விட்டுவிடவேண்டும் என்று அவர் கையொப்பமிட்டுக் கடிதம் வைத்திருந்தார். அதனைச் சங்கமே எடுத்துக் காட்டி, அவர் மடத்திற்கும் இழுக்கு நேராதபடி காத்தது. 1220ஆம் ஆண்டு பாப்பரசர் மூன்றாம் ஹொனோரியுஸ் அவரை உண்மைக் கத்தோலிக்கர் என அறிவித்தார். நூலின்மேல் விழுந்த கண்டனம் மட்டும் நீங்கவில்லை.