எலும்பு கூடிய பின் திருகுகள்

முதுகுத்தண்டின் அடுத்தடுத்த முள்ளெலும்புகளை ஒன்றாகக் கூடச் செய்து, அவற்றிடையேயான அசைவை நிறுத்தும் சிகிச்சைக்கு முள்ளெலும்பு இணைப்பு அறுவை என்று பெயர். 1911இல் நியூயார்க்கில் ரஸ்ஸல் ஹிப்ஸ், ஃப்ரெட் ஆல்பீ ஆகிய மருத்துவர்கள் தனித்தனியே இம்முறையை வெளியிட்டபோது எலும்பையே நம்பினர். இன்று பொருத்தப்படும் டைட்டானியம் திருகுகளும் கம்பிகளும், இடையே வைக்கப்படும் எலும்புத் துகள்கள் வளர்ந்து இறுகும்வரை முள்ளெலும்புகளைத் தாங்கிநிற்கும் சாரம் போன்றவையே.

எலும்பு கூடப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல் ஆகும். அதன் பின்னரும் வலி நீடித்தால், திருகின் தலை முதுகுத் தசையை உறுத்துகிறதா, கம்பி முறிந்துள்ளதா, கிருமித்தொற்று உள்ளதா என மருத்துவர்கள் ஆராய்வர். சி.டி. ஸ்கேனில் திருகைச் சுற்றிக் கருவளையம் தெரிவது அது தளர்ந்திருப்பதற்கான அடையாளம். திருகைச் சுற்றி மரப்பு ஊசி போட்டதும் வலி தற்காலிகமாகத் தணிந்தால், உலோகமே காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் வலுப்பெறும்.

எலும்பு நன்கு கூடியிருப்பது உறுதியானால் உலோகத்தை அகற்றலாம். கூடாதிருந்தால், வெறுமனே அகற்றுவது முதுகின் உறுதியைக் குலைக்கும் என்பதால், மறுபடி இணைக்க வேண்டியிருக்கும். நரம்பு நெருக்கத்தாலோ, அடுத்துள்ள முள்ளெலும்பிடைத் தட்டின் தேய்மானத்தாலோ வரும் வலி திருகை எடுப்பதால் தீராது. அகற்றுவதும் ஓர் அறுவையே, அதிலும் தொற்று, இரத்தக்கசிவு போன்ற இடர்கள் உண்டு. ஆகவே வலியின் மூலத்தைக் கண்டறிந்த பின்னரே அம்முடிவை எடுப்பது முறை.