லிஸ்பனில் இரண்டு நாட்கள்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

 

வெளிநாட்டுப் பயணம் ஒன்றைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டார். நான் நாவிதன்வெளியிலிருந்து பஸ்ஸில் வந்து படித்தவள். மாரியில் கிட்டங்கி வீதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அந்த வயதில் கல்முனையே எனக்கு வெளிநாடுதான்.

கடந்த ஆண்டு மருத்துவ மாநாடு ஒன்றுக்காகப் போர்த்துக்கல் போனேன். முடிந்ததும் தலைநகர் லிஸ்பனில் இரண்டு நாட்கள் தனியே சுற்றினேன். ஏற்றமும் இறக்கமுமான ஊர். முழங்கால் வருத்தக்காரருக்குச் சரிவராது. சுட்ட சாளை மீனும் பாணும் கிடைத்ததால் ஹலால் தேடி அலையவில்லை. பாண் என்ற சொல்லே அவர்களுடையதுதான். கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், அலவாங்கு எல்லாம் அங்கிருந்து வந்தவை. கடையில் அவர்கள் பேசும்போது நடுவில் நம் வீட்டுச் சாமான்களின் பெயர் கேட்கும்.

பெலெம் கோபுரத்தின் முன் எல்லோரும் படம் எடுத்தார்கள். நானும் எடுத்தேன். கீழைநாடுகளுக்குக் கப்பல்கள் புறப்பட்ட ஆற்றங்கரை அது. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களில் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்று படித்திருக்கிறோம். இங்கே இருக்கிற நம்மில் சிலருடைய மூதாதையரும் அதில் இருந்திருக்கலாம். கோபம் வருமென்று நினைத்தேன். வரவில்லை; வெயில்தான் கடுமையாக இருந்தது.

நான் சொல்ல வந்தது கார்மோ தேவாலயத்தைப் பற்றி. மேட்டில் நிற்கிறது. கல் வளைவுகள் அப்படியே இருக்கின்றன, கூரை மட்டும் இல்லை. நிமிர்ந்தால் ஆகாயம். 1755 நவம்பர் 1ஆம் திகதி, சகல புனிதர்கள் திருநாள். காலையில் சனம் தேவாலயங்களில் நிறைந்திருந்த நேரம் பூமி அதிர்ந்தது. தப்பியவர்கள் வெட்டவெளி என்று ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் கடல் ஆற்றுக்குள் ஏறி அவர்களையும் கொண்டுபோனது. மெழுகுதிரியிலும் அடுப்பிலும் பற்றிய தீ நாட்கணக்கில் எரிந்தது. கார்மோவைத் திருப்பிக் கட்டத் தொடங்கி, இடையில் நிறுத்திவிட்டார்கள்.

பெலெமில் அந்த நிலநடுக்கத்துக்கென்றே ஒரு நூதனசாலை இருக்கிறது. உள்ளே தரை ஆடும் என்றார்கள். நான் வாசலோடு திரும்பிவிட்டேன்.

2004 டிசம்பர் 26 ஞாயிறு, போயா. அப்போது நான் மருத்துவ மாணவி, விடுமுறையில் வீட்டில் நின்றேன். ஆட்கள் ஓடி வந்து சொன்னதும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வைத்தியம் செய்ய எனக்கு அனுமதியுமில்லை, அனுபவமுமில்லை. ஒரு கொப்பியைத் தந்து, கொண்டுவரும் உடல்களின் பெயரை எழுதச் சொன்னார்கள். பெயர் தெரியாவிட்டால் உடுப்பின் நிறம், காப்பு, வயது. மூன்றாம் பக்கத்தில், ஏ.எல். வகுப்பில் என் பக்கத்துக் கதிரையில் இருந்தவளின் பெயரை எழுதினேன். அவளுடைய வாப்பாவிடம் அந்தப் பக்கத்தைக் காட்டியதும் நான்தான். அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அந்தக் கொப்பி இப்போது எங்கே என்று எனக்குத் தெரியாது. தேடவுமில்லை.

லிஸ்பனில் நடந்ததோ வேறு. மன்னரின் அமைச்சர், பிற்காலத்தில் பொம்பால் பிரபு எனப்பட்டவர், நாட்டிலுள்ள பங்குகளுக்கெல்லாம் கேள்வித்தாள் அனுப்பினார். அதிர்வு எவ்வளவு நேரம் நீடித்தது? எத்தனை பேர் இறந்தார்கள்? கடல் முதலில் வற்றியதா, ஏறியதா? பங்குக் குருமார் எழுதி அனுப்பிய பதில்கள் பல அந்நாட்டுச் சுவடிகள் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. நிலநடுக்கத்தை ஆராய்பவர்கள் அவற்றை இப்போதும் வாசிக்கிறார்கள். பொம்பால் நல்ல மனிதரல்ல, எதிரிகளை ஈவிரக்கமின்றி ஒழித்தவர். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

ஊருக்கு வந்ததும் மருதமுனையில் என் மாமியிடம் அதே கேள்வியைக் கேட்டேன். "வத்தல்ல மகள், நேரே எழும்பி வந்திச்சு" என்றார். அடுத்த வளவிலிருந்த ராத்தாவோ, வற்றியதைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னார். முதல் அலையா, பிந்திய அலையா என்று இருவருக்கும் வாக்குவாதம். இரண்டு பேருக்கும் எழுபது தாண்டிவிட்டது. இன்று நமது பாடசாலையில் படிக்கும் பிள்ளைகள் ஒருவரும் அன்று பிறந்திருக்கவில்லை.

அதனால் பத்துக் கேள்விகள் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். அன்று எங்கே நின்றீர்கள், கடல் எப்படி வந்தது, எந்தப் பக்கம் ஓடினீர்கள், யாரைத் தேடினீர்கள், இப்படி. தாள்கள் பின்னால் தேநீர் மேசையில் இருக்கின்றன. வெளிநாட்டிலிருக்கும் சகோதரிகளுக்கு இந்த மலரோடு அனுப்பச் செயலாளர் சம்மதித்திருக்கிறார். பெயர் போட விரும்பாதவர்கள் படித்த ஆண்டை மட்டும் எழுதுங்கள். முதல் தாளை நேற்றிரவு நான் நிரப்பினேன். ஏழாவது கேள்விக்கு மட்டும் இன்னும் எழுத முடியவில்லை.