நெருக்கடி நிலையைக் குழாயடியிலிருந்து பார்த்தல்



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தின் கதையை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கறுப்பின மக்களின் போராட்டம் நமக்கு அந்நியமானதல்ல. 1946இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பினச் சிந்தனையாளர் டு போயிஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் தலித் சிறுத்தைகள் தங்கள் பெயரையே அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் ஒரு விளக்கம். அங்கே ஆளுநர் என்பவர் டெல்லி அனுப்பிவைக்கும் ஆளுநரைப் போன்றவர் அல்லர். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர். நம் முதலமைச்சரைப் போல ஆட்சி நடத்துபவர்.

2020 மார்ச் 10 அன்று மிச்சிகன் ஆளுநர் கிரெட்சன் விட்மர் நெருக்கடி நிலையை அறிவித்தார். அம்மாநில மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ 14 விழுக்காடு. தொடக்க வாரங்களில் கொரோனாவால் இறந்தவர்களில் அவர்கள் ஏறத்தாழ 40 விழுக்காடு. கையைக் கழுவுங்கள் என்றது அரசு. டெட்ராய்ட் நகரிலோ கட்டணம் கட்ட முடியாத ஏழைகளின் வீடுகளில் குடிநீர் இணைப்பே துண்டிக்கப்பட்டிருந்தது. மார்ச் 28 அன்று, துண்டித்த இணைப்புகளைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று ஆளுநர் ஆணையிட்டார். நெருக்கடி அதிகாரம் அன்று அந்த வீடுகளுக்குத் தண்ணீராக வந்தது.

அந்த அதிகாரம் இரண்டு சட்டங்களிலிருந்து வந்தது. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 28 நாட்களுக்குமேல் நீட்டிக்கச் சட்டமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். 1945ஆம் ஆண்டுச் சட்டத்தில் கால வரம்பே இல்லை. அது டெட்ராய்ட் இனக் கலவரத்தின் நிழலில் பிறந்த சட்டம். 1943இல் நடந்த அந்தக் கலவரத்தில் 34 பேர் இறந்தார்கள். அவர்களில் 25 பேர் கறுப்பினத்தவர். அந்த 25 பேரில் 17 பேரைக் கொன்றது காவல்துறை.

சட்டமன்றம் ஒருமுறை ஏப்ரல் 30 வரை நீட்டிப்புத் தந்தது. அதற்குமேல் தர மறுத்தது. அன்றைய தினம் துப்பாக்கி ஏந்தியவர்கள் லான்சிங் நகரச் சட்டமன்றக் கட்டடத்துக்குள் நின்றார்கள். கறுப்பின இளைஞர்கள் அப்படி நின்றிருந்தால் உயிரோடு வீடு திரும்பியிருப்பார்களா? ஆளுநர் 1945ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஆணைகளைத் தொடர்ந்தார். அக்டோபர் 2 அன்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏப்ரல் 30க்குப் பிறகு 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருக்கு அதிகாரம் இல்லை என்பதில் ஏழு நீதிபதிகளும் ஒன்றுபட்டார்கள். 1945ஆம் ஆண்டுச் சட்டம், சட்டமியற்றும் அதிகாரத்தையே ஆளுநரிடம் ஒப்படைப்பதால் அரசியலமைப்புக்கு முரணானது என்று நான்கு பேர் சொன்னார்கள், மூவர் மறுத்தார்கள். 2021இல் சட்டமன்றம் அதை அடியோடு நீக்கியது.

தீர்ப்போடு தண்ணீர் ஆணையும் செல்லாமல் போனது. டிசம்பரில்தான் சட்டமன்றம் துண்டிப்பைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. அதுவும் 2021 மார்ச் 31 வரைக்கும்தான்.

அப்படியென்றால் ஆளுநர் நல்லவர், சட்டமன்றம் கெட்டது என்று முடித்துவிடலாமா? முடியாது தோழர்களே. அதே மாநிலத்தில்தான் பிளின்ட் நகரம் இருக்கிறது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். நிதி நெருக்கடி என்ற பெயரில் முந்தைய ஆளுநரின் ஆட்சி, தேர்ந்தெடுக்கப்பட்ட நகர மன்றத்தின் அதிகாரத்தைப் பறித்து நெருக்கடிகால மேலாளரிடம் கொடுத்தது. 2012 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் அந்தச் சட்டத்தை ஒழித்தார்கள். அடுத்த மாதமே, வாக்கெடுப்பால் ஒழிக்க முடியாதபடி வேறொரு சட்டத்தை அதே சட்டமன்றம் கொண்டுவந்தது. 2014 ஏப்ரலில் மேலாளரின் ஆட்சியில் குடிநீர் பிளின்ட் ஆற்றுக்கு மாற்றப்பட்டது. குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்க்கப்படவில்லை. ஈயம் கலந்த தண்ணீரைக் குழந்தைகள் குடித்தார்கள்.

நெருக்கடி அதிகாரம் ஓர் ஊரில் தண்ணீரைத் தந்தது. இன்னோர் ஊரில் தண்ணீரை நஞ்சாக்கியது. சட்டமன்றம் ஓரிடத்தில் அதிகாரத்துக்குக் கடிவாளம் போட்டது. இன்னோரிடத்தில் அதற்குச் சாட்டை எடுத்துக் கொடுத்தது. ஆகவே கண்காணிப்பு என்ற சொல்லை மட்டும் கேட்டு நாம் மயங்கக் கூடாது. நீட்டிப்பை மறுப்பது மட்டும் கண்காணிப்பு ஆகாது. ஒவ்வோர் ஆணையையும் அவையில் வைத்து, எது வேண்டும், எது வேண்டாம் என்று விவாதித்து, ஏழைக்கு உதவும் ஆணையை உடனே சட்டமாக்குவதுதான் கண்காணிப்பு. மிச்சிகனில் நடக்காமல்போனது அதுதான்.

நம் நாட்டுக்கு வருவோம். 2020 ஏப்ரல் 17 அன்று குஜராத் அரசு, தொழிற்சாலைச் சட்டத்தில் உள்ள 'பொது நெருக்கடி' என்ற சொல்லைக் காட்டி, 12 மணிநேர வேலையை ஓர் அறிவிக்கையால் அனுமதித்தது. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியமும் இல்லை என்றது. மிச்சிகன் தீர்ப்புக்குச் சரியாக ஒருநாள் முன்பு, அக்டோபர் 1 அன்று, நம் உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. பெருந்தொற்றின் பாரத்தைத் தொழிலாளியின் தோளில் ஏற்ற அந்தச் சொல் பயன்படாது என்றது. ஆனால் அந்த ஐந்து மாதங்கள் உழைத்த உடல்களுக்கு ஓய்வை யார் திருப்பித் தருவது?

மாணவ நண்பர்களே, அடுத்த நெருக்கடி வரும். அப்போது மூன்று கேள்விகளை விடாமல் கேளுங்கள். இந்த அதிகாரம் எந்தத் தேதியில் முடிகிறது? எந்த அவையில் இதற்குப் பதில் சொல்வார்கள்? அந்த அவையில் குழாயடியில் நிற்பவர்களின் குரல் இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்பது பதிலானால், முதல் இரண்டுக்கும் கிடைக்கும் பதில்கள் காகிதத்தில்தான் இருக்கும். அந்தக் குரலை அவைக்குள் கொண்டுசேர்ப்பதே இன்று நினைவுகூரும் தோழருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி.